காய்ச்சல் இல்லாத வீடு

எங்கள் அம்மா வீட்டில் அந்த வருஷம் யாருக்கும் ஒன்றுமில்லை. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, இருமல் இல்லை. கொரோனாக் கணக்கெடுக்க தினமும் காலையில் வாசலுக்கு வந்த பெண்ணிடம் எங்கள் அம்மா ராணி கூடத்தில் உட்கார்ந்தபடியே கத்திச் சொன்ன பதில் அது. "ஒண்ணியும் இல்லம்மா, அல்லாரும் நல்லா கீறோம், நீ போ." அந்தப் பெண்ணும் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த 'அல்லாரும்' என்பதில், உள்ளறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் தம்பி பெண்டாட்டி மைதிலியும் சேர்த்தி. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ரேகா. வெள்ளானூரில் பிறந்து, வெள்ளானூரிலேயே இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். விடிந்தால் மொபெட்டில் வீடுவீடாகப் பால் பாக்கெட் போடுகிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும், சொல்லட்டும். தம்பி பெண்டாட்டிக்காகப் பெற்ற தாயையும் கூடப் பிறந்தவனையும் திட்டுகிற நாத்தனாரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மைதிலி ஆவடிக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவள் அப்பா கஜபதி ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். பி.காம். படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. மகன் அஸ்வினை ஸ்கூட்டியில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு கிளம்புவாள். எஸ்டேட் பக்கத்தில் ஒரு அம்மா தன் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். அங்கே அவனை விட்டுவிட்டு ஆபீஸ் போவாள். சாயங்காலம் தாயும் பிள்ளையும் ஏதாவது பாட்டைக் கத்திக்கொண்டே தெருவுக்குள் நுழைவார்கள். அவள் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அம்மாவுக்கு அது ஆகாது. "பொம்பள சிரிச்சா போச்சு, பொகையில விரிச்சா போச்சு" என்று என் காதில் முணுமுணுப்பாள்.

முதல் பிரசவத்துக்கு மைதிலி குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தாள். அவள் அம்மா லோகநாயகி ஐந்து மாதம் வைத்துத் தாங்கி அனுப்பினார். அதன் பிறகு கஜபதி ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவர்கள் ஊரோடு போய்விட்டார்கள். இரண்டாவது பிரசவத்துக்கு லோகநாயகி இங்கே வந்து தங்குவதாக ஏற்பாடு. பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஊரடங்கு வந்தது. ரயில் நின்றது. இ-பாஸ் கேட்டு விண்ணப்பித்தார்கள், தள்ளுபடி ஆனது. மறுபடி கேட்டார்கள், மறுபடியும் தள்ளுபடி. கல்யாணத்துக்கு வழி இருந்தது, சாவுக்கு வழி இருந்தது. பிள்ளை பெற்ற மகளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கப் போகிறேன் என்று ஒரு தாய் சொன்னால் அதை எதில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

காப்பகத்து அம்மாவும் ஊரடங்குக்கு முந்தியே கதவைப் பூட்டிவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அஸ்வினுக்கு மூன்றரை வயது. அவன் காலையிலிருந்து பொழுது போகும்வரை வீட்டுக்குள் உருண்டான், ஓடினான், எல்லாவற்றையும் தள்ளிவிட்டான். அந்த நிலைமையில்தான் மைதிலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குள் துணைக்கு ஒருவரையும் விடவில்லை. முகக்கவசத்தோடு போனாள், முகக்கவசத்தோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகத்தை யாரும் சரியாகப் பார்க்கவே இல்லை.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்றவள் பச்சை உடம்புக்காரி. அவள் வாசற்படி தாண்டக்கூடாது, காற்று படக்கூடாது, தெருவில் போகிறவர்கள் கண் படக்கூடாது. மற்ற நாளில் பத்துப் பேர் வந்து போவார்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் குழந்தையைப் பார்க்கிற சாக்கில் தாயிடம் நாலு வார்த்தை பேசுவார்கள், அதனால் அந்தச் சிறை சிறையாகத் தெரியாது. அந்த வருஷம் யாரும் வரவில்லை. அம்மாவின் வழக்கமும் அரசாங்கத்தின் ஊரடங்கும் கை கோத்துக்கொண்டு மைதிலியை ஓர் அறையில் போட்டுப் பூட்டின.

பால் பாக்கெட் கொடுக்கும் சாக்கில் நான் மட்டும் தினமும் உள்ளே போவேன். அறை முழுக்கப் பூண்டு வாடையும் சாம்பிராணிப் புகையும். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், தலை வாராமல்.

"இன்னா மைதிலி, தூங்கனியா?"

"குழந்தை தூங்குது அண்ணி."

"நான் உன்ன கேட்டேன்."

அவள் யோசித்தாள். ஏதோ கடினமான கணக்கைக் கேட்டதுபோல யோசித்தாள். "கண்ண மூடினா நெஞ்சு படபடன்னு அடிக்குது அண்ணி. அது தூங்குறப்பவும் எனக்குத் தூக்கம் வரல. அது அழுதா எனக்கு ஒண்ணுமே தோணல. அம்மான்னா ஏதாவது தோணணும்ல?"

நான் கூடத்துக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னாடி பெரிய அதிசயத்த கண்டுபுட்ச மாரி சொல்ற? நாங்கல்லாம் பெக்கலியா? பெத்த மூணாம் நாளு கதிரறுக்க போனவடி நானு. உண்மைய சொல்லட்டா? இப்பதான் அவ அடக்கமா கீறா. சத்தம் இல்ல, சிரிப்பு இல்ல. குடும்பப் பொண்ணாட்டம் கீறா."

இதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. ஒருத்தி உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அதற்கு அடக்கம் என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் நாள் கதிரறுக்கப் போனேன் என்று அம்மா சொன்னதும் பச்சைப் பொய். என்னைப் பெற்றபோது அவள் தாய்வீட்டில் மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கவில்லை என்று எங்கள் மாமாவே சொல்லியிருக்கிறார்.

என் தம்பி ஜெகன் கெட்டவன் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நாலு அறை விட்டுவிட்டுப் போய்விடலாம். அவன் வேலை பார்த்த கம்பெனி ஊரடங்கிலும் ஓடியது. வந்ததும் குளிப்பான், சாப்பிடுவான், செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவான். குழந்தைக்குக் கிருமி ஒட்டிக்கொள்ளுமாம், அதனால் கிட்டே வர மாட்டானாம். அப்பன்மார்களுக்கு அந்தக் கிருமி எவ்வளவு வசதியாக இருந்தது, பாருங்கள்.

"டேய், அவள டாக்டராண்ட கூட்டிகினு போ" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்கு போனா கொரோனா வந்துரும்க்கா."

"அவளுக்கு மனசு சரியில்லடா."

அவன் முகம் மாறியது. "இன்னா பேச்சு பேசற நீ? மெண்டல்னு பேர் வாங்கி குட்து அவ வாழ்க்கைய கெடுக்கறியா? ஊட்ல சும்மாதான கீறா. ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்."

சும்மா. இரண்டு பிள்ளைகளோடு, தூக்கமில்லாமல், பேச ஓர் ஆளில்லாமல், ஓர் அறைக்குள் இருப்பதற்கு எங்கள் ஊரில் சும்மா என்று பெயர். அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். கேட்டு என்ன ஆயிற்று? செவிடன் காதில் ஊதிய சங்கு.

எங்கள் அப்பா தசரதன் வேறு வைத்தியம் பார்த்தார். காத்து கருப்பு அண்டியிருக்கும் என்று வேப்பிலை கொண்டுவந்து தலைமாட்டில் செருகினார். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். அவராவது ஏதோ ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார், அந்த மட்டுக்கும் நன்றி.

பிரசவ விடுப்பு முடியும் சமயம் மைதிலியின் ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தார்கள். வேலைக்கு வர வேண்டும், வர முடியாவிட்டால் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். காப்பகம் திறக்கவில்லை. நான் இருந்த நேரத்தில்தான் மைதிலி எங்கள் அம்மாவிடம் வந்து கேட்டாள். பல நாளுக்குப் பிறகு தலை வாரிப் பொட்டு வைத்திருந்தாள்.

"அத்தை, காப்பகம் திறக்குற வரைக்கும் ரெண்டு பேரையும் பார்த்துக்குறீங்களா? பால் எடுத்து வச்சிட்டுப் போறேன். மத்தியானம் ஒரு தடவை வந்துட்டுப் போறேன். எனக்கு அங்க போனா சரியாயிரும்னு தோணுது அத்தை."

"என்னால ஆவாதுமா" என்றாள் அம்மா. "பச்சப்புள்ளய உட்டுட்டு நீ சம்பாரிச்சிதான் இங்க ஒல கொதிக்கணுமா?"

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று குறுக்கே விழுந்தேன். "உன் ஊட்டுக்கு என் பேரப்புள்ளைங்கள அனுப்புனா ஊரு இன்னா சொல்லும்? பாட்டி செத்துட்டாளான்னு கேக்க மாட்டானுங்க?" என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள். தானும் தின்னாது, தின்கிற மாட்டையும் விடாது என்பார்களே, அது. ஜெகன் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மைதிலி அங்கேயே நின்று ஆபீஸுக்குப் போன் பண்ணி, வர முடியாது என்று சொல்லிவிட்டாள். குரல் நடுங்கவில்லை. போனை அலமாரியின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு லோகநாயகி வீடியோவில் கூப்பிட்டாலும் அவள் எடுக்கவில்லை. அந்தத் தாய் என்னைக் கூப்பிட்டு அழுதார். "எம் பிள்ளைக்கு என்னம்மோ ஆயிட்டும்மா, நடந்தாவது வந்துரட்டுமா?" என்று கேட்டார்.

ஒரு நாள் நான் பாலை வைத்துவிட்டுத் திரும்பும்போது மைதிலி என் முந்தானையைப் பிடித்தாள்.

"அண்ணி, பின்னாடி கிணத்துக்கு மூடி போடச் சொல்லுங்க."

எங்கள் வீட்டின் பின்னால் விவசாயம் செய்த காலத்துக் கிணறு ஒன்று உண்டு. நிலமெல்லாம் மனைகளாகிப் போயிற்று. கிணறு மட்டும் தண்ணீரோடு இருக்கிறது.

"இன்னாத்துக்கு? அஸ்வின் அந்தப் பக்கம் போறானா?"

"அவன் போகல" என்றாள்.

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் என் தோளில் ஒரு மூட்டைபோலச் சாய்ந்தாள், அழக்கூட இல்லை. "எனக்குக் கொரோனா வந்தா தனியா கூட்டிட்டுப் போயிருவாங்கள்ல அண்ணி? கட்டில் போட்டுப் படுக்க வைப்பாங்களாம். யாரும் உள்ள வர மாட்டாங்களாம்" என்றாள். உலகமே எது வந்துவிடக்கூடாது என்று கையைக் கழுவிக் கழுவிச் செத்ததோ, அது தனக்கு வராதா என்று ஏங்கினாள்.

கூடத்துக்கு ஓடி வந்து எல்லாரிடமும் சொன்னேன், கிணற்றை மூடுங்கள், இவளை இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள் என்று. "அந்தக் கெணத்துக்கு மூடி போட்டா வாஸ்துக்கு ஆவாது" என்றார் அப்பா. என் புருஷனை விட்டுப் பேசச் சொன்னேன், அடுத்தவர் வீட்டு விஷயம் என்று அவர் நழுவினார். மறுநாள் காலையில் பால் போடுவதை முடித்துவிட்டு நானே மொபெட்டில் அவளைக் கூட்டிக்கொண்டு போவது, யார் தடுத்தாலும் மண்டையை உடைப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன்.

அதற்கு அவசியம் இருக்கவில்லை. நான் வண்டியை நிறுத்தும்போதே கணக்கெடுக்கிற பெண் வந்துவிட்டாள். திவ்யா என்று பெயர், தொப்பி போட்ட சின்னப் பெண். வழக்கம்போல, "யாருக்காவது காய்ச்சல், சளி, இருமல் இருக்குங்களா?" என்றாள். வழக்கம்போல உள்ளேயிருந்து அம்மா, "ஒண்ணியும் இல்லம்மா" என்று ஆரம்பித்தாள்.

"இருக்கு" என்று ஒரு குரல்.

மைதிலி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கி நின்றாள். கலைந்த தலை, அழுக்கு நைட்டி, செருப்பில்லாத கால். நாளெல்லாம் போனில் கேட்டுக் கேட்டு ஊருக்கே மனப்பாடமான அந்த அறிவிப்பை அப்படியே ஒப்பித்தாள்: "எனக்குக் காய்ச்சல் இருக்கு. வறட்டு இருமல் இருக்கு. மூச்சு விட முடியல. வாசனை தெரியல. என்னைக் கூட்டிட்டுப் போங்க."

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்க்க வேண்டுமே! இத்தனை மாதமாக நகராத அம்மா துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயோ, பொய் சொல்றாம்மா! அவளுக்கு ஒண்ணியும் இல்ல! எய்திகாதம்மா, ஊட்டுக்கு தகரம் அட்சிருவாங்கம்மா!" அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எதிர் வீட்டுப் பரந்தாமன் ஜன்னலைப் படாரென்று சாத்தினான். கம்பெனிக்குக் கிளம்பியிருந்த ஜெகன் போனில் விஷயம் கேட்டுப் பாதி வழியிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்து வந்தான். மனைவி தூங்கவில்லை என்றால் மாடியில் நிற்பவன், அவளுக்குக் காய்ச்சல் என்றால் வந்துவிடுகிறான்.

திவ்யா காய்ச்சல் பார்க்கும் கருவியை மைதிலியின் நெற்றிக்கு நேராகப் பிடித்தாள். காய்ச்சல் இல்லை. அவள் அந்த எண்ணைப் பார்த்தாள், மைதிலியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அனுப்பு" என்று தலையை ஆட்டினேன். "மூச்சு விட முடியலன்னு சொன்னா அனுப்பித்தான் ஆகணும்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டிக்குப் போன் பண்ணினாள். மைதிலி குழந்தையை என் கையில் வைத்தாள். அஸ்வினைத் திரும்பிப் பார்த்தாள். வண்டி வந்ததும் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் அஸ்வினை ஜெகனிடம் தள்ளிவிட்டு, குழந்தையை மார்போடு துணியில் கட்டிக்கொண்டு மொபெட்டில் பின்னாலேயே போனேன். ஒரு பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் முகாம். கவச உடைக்குள் ஒரு டாக்டரம்மா, கண் மட்டும்தான் தெரிந்தது. மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். டாக்டரம்மா நாடி பார்த்து, நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் காய்ச்சலும் இல்ல, சளியும் இல்ல. ஏம்மா வந்தீங்க?" என்றார்.

"தூங்கணும் மேடம்" என்றாள் மைதிலி.

அந்த அம்மா நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். சாப்பிடுகிறாயா, அழுகை வருகிறதா, குழந்தையைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டார். பிறகு, "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்டார். மைதிலி தலையசைத்தாள். அப்போதுதான் அழுதாள். குழந்தை பிறந்த நாளிலிருந்து அடக்கி வைத்த எல்லாம் அந்தப் பள்ளிக்கூட வகுப்பறையில் வெடித்தது. நானும் வாய்விட்டு அழுதேன், குழந்தையும் அழுதது, வெளியே வரிசையில் நின்றவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"இது பிரசவத்துக்கு அப்புறம் வர்ற நோயும்மா. நிறைய பேருக்கு வருது. மருந்து இருக்கு, சரியாயிடும்" என்றார் டாக்டரம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டருக்குத் தானே போன் பண்ணிச் சொன்னார். அன்றைக்கே போகச் சொன்னார், இவளைத் தனியாக விடாதே என்றார். நேராக அங்கேதான் போனோம், மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

மருந்து இருக்கிறதாம்! வேப்பிலையும் எலுமிச்சம்பழமும், நாங்கல்லாம் பெக்கலியாவும், ரெஸ்ட் எடுத்தா சரியாயிடுமும் சுற்றி வந்த அத்தனை நாளும் அதற்கு மருந்து இருந்திருக்கிறது. அதை வாங்க என் தம்பி பெண்டாட்டி கொரோனா நோயாளியாக வேஷம் போட வேண்டியிருந்தது.

பரிசோதனை முடிவில் கொரோனா இல்லை என்று வந்தது. ஜெகன் போனில் படித்துச் சொன்னதும் அம்மா தெருவில் இறங்கித் தேங்காய் உடைத்தாள். "பாத்தீங்களா, என் மருமவளுக்கு ஒண்ணியும் இல்லியாம்!" என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்தினாள். நான் அவளோடு அன்றைக்குப் போட்ட சண்டையை இங்கே எழுத முடியாது. சண்டை முடிந்ததும் மைதிலியையும் பிள்ளைகளையும் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஊர் என்ன சொல்லுமோ சொல்லட்டும். கிணற்றுக்கு இரும்பு வலை போட்ட பிறகுதான் உன் பெண்டாட்டி அந்த வீட்டுப்படி மிதிப்பாள் என்று ஜெகனிடம் சொல்லிவிட்டேன். முறைத்துக்கொண்டுதான் போட்டான். ஆனால் போட்டான். ராத்திரிப் பால் புட்டியைக் கையில் எடுக்கவும் அப்போதுதான் கற்றுக்கொண்டான்.

மாத்திரையும் தூக்கமும் மெதுவாகத்தான் வேலை செய்தன. ரயில் ஓட ஆரம்பித்ததும் லோகநாயகி வந்து இறங்கினார். காப்பகம் திறக்க இன்னும் வெகுநாள் ஆனது. இப்போது மைதிலி வேறொரு கம்பெனிக்குப் போகிறாள். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். பழைய சிரிப்பு முழுதாகத் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு வீட்டுக்குக் கேட்கிறது.

அம்மா மட்டும் மாறவில்லை. அந்த இரும்பு வலைமேல் துணி விரித்து வடகம் காய வைக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டுப் பரந்தாமனின் பெண்டாட்டி தன் மருமகள் சௌம்யாவைக் கூட்டிக்கொண்டு வடகம் வாங்க வந்தாள். சௌம்யாவுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். அந்தப் பெண் கிணற்றடியில் ஒரு வார்த்தை பேசாமல் நின்றது. "என் மருமவ வாயே தொறக்காது, அவ்ளோ அமைதி" என்று மாமியார்க்காரி பெருமை அடித்துக்கொண்டாள். பிறகு வலையைத் தட்டிப் பார்த்து, "இது இன்னாத்துக்குக்கா போட்டீங்க?" என்றாள்.

"பூன வுய்ந்துரும்னு போட்டதுமா" என்றாள் அம்மா, கூசாமல்.

மைதிலி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"பூனைக்கு இல்லக்கா" என்றாள். "எனக்கு. என் மக பொறந்தப்போ நான் விழுந்துரக் கூடாதுன்னு போட்டது."

அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. பரந்தாமன் பெண்டாட்டி வடகத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். சௌம்யா தலையைத் தூக்கினாள். மாமியாரைத் தாண்டிக்கொண்டு மைதிலியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்களுக்குமாக்கா?" என்று கேட்டாள்.